பிரேக் காலிப்பரில் (சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் பாகம்) ரப்பர் சீல் மாற்றிய பிறகும் பிரேக் பெடல் பஞ்சு மாதிரி அமுங்குகிறது. மிதித்ததும் பிரேக் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரையும் மாற்ற வேண்டுமா?

மாஸ்டர் சிலிண்டரில் இப்போதே கை வைக்காதீர்கள். சக்கரத்தைக் கழற்றி, ஏர் எடுக்கும் நிப்பிள் (ஆயிலில் சிக்கிய காற்றை வெளியேற்றும் திருகு) காலிப்பரின் மேல்பக்கம் இருக்கிறதா, கீழ்ப்பக்கம் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். சிரிக்காதீர்கள், நான் இதில் இரண்டு நாள் முழித்தவன்.

உங்களுடையதும் பழைய கார், நீங்களும் என்னைப் போல இரண்டு காலிப்பரையும் ஒன்றாகக் கழற்றி ஒரே தட்டில் போட்டிருப்பீர்கள். நான் வேலையை ஒழுங்காகத்தான் செய்தேன். மரக்கட்டையைக் குறுக்கே வைத்து, காற்றழுத்தம் கொடுத்து பிஸ்டனை வெளியே எடுத்தேன். சீல் உட்காரும் பள்ளத்தில் பழுப்பாகப் பக்கு கட்டியிருந்தது. பல் குத்தும் குச்சியால் சுரண்டியே ஒரு மாலை போனது. பிரேக்கை விட்டதும் பிஸ்டனைப் பின்னால் இழுக்க உள்ளே ஸ்பிரிங் எதுவும் கிடையாது, முறுக்கிக்கொண்ட அந்த ரப்பர் சீல் நிமிர்வதுதான் இழுக்கிறது. அழுக்கு இருந்தால் பேட் (டிஸ்க்கை அழுத்தும் கட்டை) உரசிக்கொண்டே இருக்கும். புது பிரேக் ஆயிலைத் தடவித்தான் சீலைப் போட்டேன். இஞ்சின் ஆயில் பட்டால் அந்த ரப்பர் ஊதிவிடும்.

இவ்வளவும் செய்துவிட்டு இடதை வலப்பக்கம் மாட்டினேன். "இது கூடவா தெரியாது" என்று கிளம்புகிறவர்களுக்கு: இரண்டும் அச்சு அசல் ஒன்றுபோல இருந்தன, போல்ட்டும் சிக்கென்று உட்கார்ந்தது. ஹோஸ் லேசாக முறுக்கியிருந்ததைப் பார்த்தும் பழைய கார்தானே என்று விட்டேன், அது என் தப்பு.

மனைவி உள்ளே உட்கார்ந்து பெடலை மிதிக்க, நான் கீழே. "மிதி... விடாதே." "விடலைங்க, விடலை." குழாயில் ஒரு குமிழி கூட இல்லாமல் ஆயில் சுத்தமாக வந்தது. வராமல் என்ன? நிப்பிள் கீழே, காற்று மேலே! பெடல் மட்டும் தரை வரைக்கும் போனது. கழற்றும் முன் போனில் எடுத்த படத்தை மூன்றாம் நாள்தான் திறந்தேன். நிப்பிள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. பக்கம் மாற்றி மாட்டி ஏர் எடுத்ததும், "கல்லு மாதிரி இருக்குங்க, நான் இறங்கலாமா?" என்றாள்.

பழைய டிரம் பிரேக்கை எடுத்துவிட்டு டிஸ்க் பிரேக் போட்டிருந்தால் கதை வேறு. டிரம்முக்கான மாஸ்டர் சிலிண்டர் பலவற்றில் லைனில் சுமார் 10 பிஎஸ்ஐ அழுத்தத்தைப் பிடித்து வைக்கும் வால்வு உண்டு. டிஸ்க்கில் அது பேடை உரச வைக்கும், அப்போது மாற்றத்தான் வேண்டும்.

பிரேக் ஆயில் வாங்கும்போதும் கவனம், டாட் என்பது அதன் தர எண். டாட் 4 இருந்த இடத்தில் டாட் 5.1 ஊற்றலாம், டாட் 5 கூடாது, அது சிலிக்கோன், கலக்காது. கலக்காததற்கு 5, கலப்பதற்கு 5.1! இந்தப் பெயரை வைத்தவர் கையில் கிடைத்தால் காருக்கு அடியில் படுக்கவைத்து நான்கு சக்கரத்துக்கும் ஏர் எடுக்கச் சொல்வேன்.