ஒரே ஒரு சின்ன ராக் லேபிளின் சிங்கிள்களை மட்டும் சேகரிப்பதில் அர்த்தம் இருக்கிறதா? எப்படித் தொடங்குவது?

கண்டிப்பாக இருக்கிறது. ரெக்கார்டு சேகரிப்பில் இதைவிட நிறைவான வழி எனக்குத் தெரியாது. ஒரே லேபிளை, அதாவது ஒரே ரெக்கார்டு கம்பெனியைப் பிடித்துக்கொண்டு போனால், போகப் போக ஓர் ஊரும் அதன் மனிதர்களும் நமக்குப் பழக்கமாகிவிடுவார்கள். நான் சேகரிப்பது நியூசிலாந்தின் ஃப்ளையிங் நன் லேபிள். அதிலும் முக்கியமாக 1981 முதல் எண்பதுகளின் நடுப்பகுதி வரை வந்த ஏழு இன்ச் சிங்கிள்கள், அதாவது பெரும்பாலும் பக்கத்துக்கு ஒரு பாட்டு உள்ள சின்னத் தட்டுகள். வேலைக்காக வெலிங்டனுக்கு வந்த பிறகு பற்றிக்கொண்ட ஆசை இது. அதை வைத்தே பதில் சொல்கிறேன். நீங்கள் எந்த லேபிளை எடுத்தாலும் வழி ஏறக்குறைய இதுதான்.

கிறைஸ்ட்சர்ச் நகரில் ரெக்கார்டு கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த ரோஜர் ஷெப்பர்ட் 1981இல் தொடங்கிய லேபிள் இது. அப்போது நாட்டின் மொத்த மக்கள்தொகையே முப்பது லட்சத்துக்குச் சற்று அதிகம்தான். இசைத்தொழில் நடந்ததெல்லாம் வடதீவில். கிறைஸ்ட்சர்ச் இருக்கும் தென்தீவில் வாசிக்கிற இளைஞர்களைத் தேடிவந்து பதிவுசெய்ய ஆளில்லை. கிறைஸ்ட்சர்ச்சுக்குத் தெற்கே சுமார் 360 கிலோமீட்டரில் டனீடின் என்று ஒரு குளிர்ந்த பல்கலைக்கழக ஊர். அங்கே எழுபதுகளின் கடைசியிலிருந்தே குழுக்கள் முளைத்துக்கொண்டிருந்தன. அவர்களுடைய பாட்டுகள் தட்டில் ஏறாமலே போய்விடக் கூடாது என்று ஷெப்பர்ட் நினைத்தார், கையிலிருந்த கொஞ்சப் பணத்தைப் போட்டார்.

முதல் வெளியீடு தி பின் குரூப் வாசித்த 'ஆம்பிவலன்ஸ்'. அதன் உறையை ரோனி வான் ஹூட் என்ற ஓவியர் கறுப்பின் மேல் கறுப்பு மையால் ஸ்கிரீன் பிரிண்ட் செய்தார். நேராகப் பார்த்தால் வெறும் கறுப்பு அட்டை. விளக்குப் பக்கம் சாய்த்துப் பிடித்தால்தான் அச்சு மினுங்கும். வந்தது சில நூறு பிரதிகள்தான், அதனால் இன்று விலை எங்கேயோ போய்விட்டது. ஒரு நண்பரிடம் இருப்பதைக் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். என்னிடம் இல்லை.

அடுத்து வந்தது தி க்ளீன் குழுவின் 'டாலி ஹோ'. பதிவுச் செலவு வெறும் ஐம்பது டாலர். ஒலி அப்படி ஒன்றும் சுத்தமாக இருக்காது. ஆனால் அந்த ஆர்கன் உள்ளே நுழைந்ததும் அறையே துள்ளும். நாட்டின் விற்பனைத் தரவரிசையில் 19ஆம் இடம் வரை போனது அந்தச் சிங்கிள். ஷெப்பர்டே எதிர்பார்த்திருக்க மாட்டார் என்றுதான் நினைக்கிறேன். லேபிள் பிழைத்துக்கொண்டதே அந்த ஐம்பது டாலர் பாட்டால்தான் என்று சொன்னால் மிகையாகாது.

அந்த ஆர்கனை வாசித்தவர் யார் தெரியுமா? மார்ட்டின் ஃபிலிப்ஸ். க்ளீன் குழுவில் அவர் உறுப்பினர் அல்ல. டனீடினில் தி சில்ஸ் என்ற தன் சொந்தக் குழுவை நடத்திக்கொண்டிருந்த இளைஞர், உதவிக்கு வந்து வாசித்தார். க்ளீனில் பேஸ் கித்தார் வாசித்த ராபர்ட் ஸ்காட் பிறகு தி பேட்ஸ் குழுவைத் தொடங்கினார். க்ளீனிலும் சில்ஸிலும் ஆரம்ப நாட்களில் இருந்த பீட்டர் கட்டரிட்ஜ் பின்னாளில் ஸ்னாப்பர் குழுவை நடத்தினார். கிறிஸ் நாக்ஸ் என்பவர் தன்னுடைய நாலு டிராக் டேப் மெஷினைத் தூக்கிக்கொண்டு போய், வீட்டு அறைகளிலேயே மற்றவர்களைப் பதிவுசெய்து கொடுத்தார். தானும் பாடினார், உறைக்குப் படமும் வரைந்தார். ஒலிப்பதிவில் அவருக்குத் துணையாக டக் ஹூட். இப்படி உறைகளின் பின்பக்கத்தைப் படிக்கப் படிக்க அதே பத்து இருபது பெயர்கள் இடம் மாறி மாறி வரும். லேபிள் சேகரிப்பின் சுவையே இதுதான். தொகுப்பு ஆல்பம் ஒன்றை வாங்கினால் பாட்டுகள் கிடைக்கும், ஆனால் யார் யாருக்குக் கைகொடுத்தார்கள் என்பது தனித்தனி உறைகளில்தான் இருக்கிறது.

எனக்கு மிகவும் நெருக்கமான தட்டு சில்ஸின் 'பிங்க் ஃப்ராஸ்ட்'. முதல் சில நொடிகள் கித்தார் பளிச்சென்று, வேறு ஏதோ பாட்டு தொடங்குவது போல இருக்கும். சட்டென்று அது அடங்கி, சுற்றிச் சுற்றி வரும் இருண்ட மெட்டு ஒன்று பிடித்துக்கொள்ளும். கீழே டிரம்ஸ் நிதானமாக, விடாமல் போய்க்கொண்டே இருக்கும். வாசித்தவர் மார்ட்டின் புல். 1982இல் பதிவானது. அதற்குப் பிறகு அவருக்கு ரத்தப் புற்றுநோய் கண்டு, 1983இல் இறந்துபோனார். ஃபிலிப்ஸ் அதை 1984இல் அவருக்குச் சமர்ப்பணமாக வெளியிட்டார். புல் தன்னுடைய தோல் ஜாக்கெட்டை நண்பர் ஃபிலிப்ஸுக்கு விட்டுச்சென்றிருந்தார். 1986இல் ஃபிலிப்ஸ் அந்த ஜாக்கெட்டைப் பற்றியே ஒரு பாட்டு எழுதினார், அதுவும் சிங்கிளாக வந்தது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். முதலாவதில் தாங்க முடியாத துக்கம், இரண்டாவதில் அந்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு நடக்கிறவரின் முறுக்கு. 2024இல் ஃபிலிப்ஸும் போய்விட்டார். க்ளீனின் ஹாமிஷ் கில்கோர் அதற்கு முன்பே, 2022இல். அந்தச் செய்திகள் வந்த நாட்களில் இந்தத் தட்டுகளைத்தான் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

'டெத் அண்ட் த மெய்டன்' என்ற 1983 சிங்கிளையும் விட்டுவிடாதீர்கள். தி வெர்லேன்ஸ் குழு. பாட்டெழுதிய கிரேம் டவுன்ஸ் பின்னாளில் மேற்கத்திய செவ்வியல் இசையமைப்பாளர் மாலரின் சிம்பனிகளை ஆராய்ந்து முனைவர் பட்டம் வாங்கி, ஒடாகோ பல்கலைக்கழகத்தில் இசை கற்பித்தவர். பாட்டு நடுவில் வால்ட்ஸ் நடனத்தின் மூன்றெண்ணிக்கைத் தாளத்துக்குத் திரும்பும் இடத்தைக் கேட்டால் அதில் வியப்பே இருக்காது.

சரி, வாங்குவதைப் பற்றி. லேபிளின் முழுப் பட்டியலை ரெக்கார்டுகளைப் பட்டியலிடும் டிஸ்காக்ஸ் இணையதளத்தில் பாருங்கள். உங்களுக்கென்று ஒரு எல்லை போட்டுக்கொள்ளுங்கள், இத்தனை வருடம், இந்த அளவு என்று. ஃப்ளையிங் நன் விஷயத்தில் ஒரு சிக்கல் உண்டு. அவர்களுடைய ஆரம்பகால முக்கிய வெளியீடுகள் பல, நிமிடத்துக்கு 45 சுற்று வேகத்தில் ஓடும் பன்னிரண்டு இன்ச் இ.பி.கள், அதாவது சிங்கிளைவிட அதிகமாகவும் ஆல்பத்தைவிடக் குறைவாகவும் பாட்டுகள் உள்ள தட்டுகள். நம் ஊரில் இ.பி. என்றாலே நாலு சினிமாப் பாட்டு அடங்கிய சின்னத் தட்டுதான் நினைவுக்கு வரும். இங்கே அளவு வேறு. சில்ஸ், வெர்லேன்ஸ், ஸ்னீக்கி ஃபீலிங்ஸ், தி ஸ்டோன்ஸ் என்று நாலு குழுவுக்கு ஆளுக்கொரு பக்கம் கொடுத்த 1982ஆம் வருடத்து இரட்டைத் தட்டு 'டனீடின் டபுள்' அப்படிப்பட்டது. ஏழு இன்ச் மட்டும்தான் என்று பிடிவாதம் பிடித்தால் அது விட்டுப்போகும். எனக்கு மனசு வரவில்லை, விதியைத் தளர்த்திக்கொண்டேன்.

விலை உயர்ந்ததில் தொடங்காதீர்கள். தரவரிசையில் ஏறிய சிங்கிள்கள் நிறைய விற்றவை, அதனால் ஓரளவு எளிதாகக் கிடைக்கும். முதல் அச்சா, பிறகு வந்ததா என்று அறிய, தட்டில் பாட்டு முடிந்து நடுவில் ஒட்டிய காகித வட்டத்துக்கு முன்னால் இருக்கும் வெற்று வளையத்தில் கீறியிருக்கும் எண்ணைப் பாருங்கள். விற்பவரிடம் அதைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லலாம், நல்ல விற்பனையாளர் மறுக்க மாட்டார். எண்பதுகளின் பிற்பகுதியில் நியூசிலாந்தில் தட்டு அச்சடிக்கும் ஆலையே இல்லாமல் போய், வேலை ஆஸ்திரேலியாவுக்குப் போனது. அதனால் அச்சான நாடு எது என்பதும் காலத்தைக் காட்டிக்கொடுக்கும்.

உறையில் பழைய சொந்தக்காரர் பெயர் எழுதியிருந்தாலோ வானொலி நிலைய முத்திரை இருந்தாலோ பலர் ஒதுக்கிவிடுவார்கள், விலையும் குறையும். நான் அப்படிப்பட்டதை விரும்பி வாங்குவேன். ஊருக்குள் சுற்றிய தட்டு என்பதற்கு அதைவிட என்ன சான்று வேண்டும்? கீறல்தான் முக்கியம். விளக்கொளியில் பார்த்து, நகத்தால் தடவினால் தட்டுப்படுகிற கீறல் இருந்தால் விட்டுவிடுங்கள். மெல்லிய முடிக்கோடுகள் பெரும்பாலும் ஒலியில் தெரியாது.

வீட்டுக்கு வந்ததும், மெத்தென்ற பி.வி.சி. பிளாஸ்டிக் உறையில் இருந்தால் உடனே மாற்றுங்கள். வருடக்கணக்கில் அது தட்டின் மேல் பனிமூட்டம் போலப் படிந்து, இரைச்சலாகக் கேட்கும். பாலிப்ரொப்பிலீன் உறைக்கு அந்தத் தொல்லை இல்லை. செங்குத்தாக நிறுத்தி வையுங்கள், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டாம்.

முதலீடாக நினைத்து இறங்காதீர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மறுபதிப்பு வந்தால் சில தட்டுகளின் விலை இறங்கும். லேபிளின் பழைய மாஸ்டர் டேப்புகள் (மூல ஒலிநாடாக்கள்) வெலிங்டனின் அலெக்சாண்டர் டர்ன்புல் நூலகத்துக்குப் போயிருக்கின்றன. அவற்றிலிருந்து மறுபதிப்புகள் வருவது கேட்பவர்களுக்கு நல்லதே.

அப்புறம், வெளிநாட்டிலிருந்து தபாலில் வாங்கினால், தட்டை அட்டை உறையிலிருந்து வெளியே எடுத்துத் தனியாக வைத்து, இரண்டையும் கெட்டி அட்டைகளுக்கு நடுவில் கட்டி அனுப்பச் சொல்லுங்கள். இல்லையென்றால் வழியில் தட்டு ஆடி ஆடி உறையின் ஓரத்தைக் கிழித்துவிடும்.