மஞ்சள் கெட்டுப்போச்சு, ஆள் ஈரோட்டில்: சிங்கப்பூர் நடுவர் தீர்ப்பால் பணம் வருமா?

கேள்வி: சிங்கப்பூர் தேக்காவில் மளிகை மொத்த வியாபாரம் செய்கிறேன். ஈரோட்டிலிருந்து வந்த மஞ்சளில் பூஞ்சை, 380,000 வெள்ளி நஷ்டம். 2023இல் போட்ட ஒப்பந்தத்தில் ‘தகராறு வந்தால் சிங்கப்பூரில் எஸ்ஐஏசி விதிப்படி நடுவர் தீர்ப்பு’ என்று இருக்கிறது (எஸ்ஐஏசி என்பது நீதிமன்றத்துக்குப் போகாமல் நடுவரை வைத்துத் தகராறு தீர்க்கும் சிங்கப்பூர் அனைத்துலக நடுவர் மன்றம்). செலவே நஷ்டத்தை விழுங்கிவிடும், ஜெயித்தாலும் இந்தியாவில் செல்லாது என்கிறார் நண்பர். விட்டுவிடலாமா?

பதில்: விடாதீர்கள். நண்பர் சொல்வதில் செலவுக் கதை பழையது, இந்தியாவில் செல்லாது என்பது தவறு.

எஸ்ஐஏசியின் புதிய விதிகள் 2025 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ளன. ஒப்பந்தம் பழையதாக இருந்தாலும், வேறு மாதிரி எழுதிக்கொள்ளாதவரை, வழக்கைத் தொடங்கும் நாளில் இருக்கும் விதிதான் பொருந்தும். தொகை 10 லட்சம் வெள்ளிக்கு மேல் போகாவிட்டால் பொதுவாக எளிமைப்படுத்திய நடைமுறை: ஒரே நடுவர், பெரும்பாலும் ஆவணங்களை மட்டும் பார்த்துத் தீர்ப்பு, அதுவும் நடுவர் அமர்வு அமைந்த 3 மாதத்துக்குள். நடுவருக்கும் எஸ்ஐஏசிக்கும் உள்ள கட்டணம் வழக்கமான உச்சவரம்பில் பாதியைத் தாண்டாது. வக்கீல் கட்டணம் தனி, அதை முதலிலேயே பேசி எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

சரி, தீர்ப்பு கையில் வந்தாச்சு. வெளிநாட்டு நடுவர் தீர்ப்புகளை ஏற்று நிறைவேற்றுவோம் என்று நாடுகள் ஒப்புக்கொண்ட 1958 நியூயார்க் உடன்படிக்கையில் சிங்கப்பூர், இந்தியா இரண்டும் இருப்பதால் அதை எடுத்துக்கொண்டு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். மஞ்சள் நல்லதா கெட்டதா என்று அங்கே மறுபடி விசாரிக்க மாட்டார்கள். ஆனால் இந்திய நடுவர் தீர்ப்புச் சட்டத்தின் 48ஆம் பிரிவில், தீர்ப்பை நிறைவேற்றாமல் தடுக்கச் சில ஓட்டைகள் உண்டு, எதிராளி முதலில் கைவைப்பது ‘எனக்கு நோட்டீஸே வரவில்லை’ என்பதில்தான். அதனால் ஒப்பந்தத்தை இப்போதே எடுத்து நோட்டீஸ் அனுப்ப எந்த முகவரி போட்டிருக்கிறது என்று பாருங்கள், அது அவர் காலி செய்துவிட்ட பழைய கிடங்காக இருந்தால் அங்கேயும் அனுப்புங்கள், இப்போதைய கடைக்கும் அனுப்புங்கள், மின்னஞ்சலிலும் போடுங்கள், கூரியர் ரசீதையும் கையெழுத்து வாங்கிய சீட்டையும் பத்திரப்படுத்துங்கள். அப்புறம் பெயர். ஒப்பந்தத்தில் ‘டிரேடர்ஸ்’, இன்வாய்ஸில் ‘அன் கோ’ என்று இருந்தால் கையெழுத்துப் போட்டது யார் என்பதை வழக்குப் போடும் முன்பே வக்கீலிடம் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். தப்பான பெயரில் வாங்கிய தீர்ப்பை வைத்து யார் சொத்தையும் தொட முடியாது.

அதற்குள் அவர் கிடங்கை விற்றுவிடுவாரோ என்ற பயம் இருந்தால்? புதிய விதிகளில் அவசரகால நடுவரை (முழு அமர்வு அமையும் முன் அவசர உத்தரவு தருபவர்) வழக்குத் தொடங்கும் முன்பே கேட்கலாம், நல்ல வசதிதான். ஆனாலும் சொத்து தமிழ்நாட்டில் இருக்கும்போது நான் சொல்வது இந்திய நீதிமன்றத்தையே. அதே இந்தியச் சட்டத்தின் 2015 திருத்தத்துக்குப் பிறகு, வெளிநாட்டில் நடக்கும் நடுவர் வழக்குக்கும் அதன் 9ஆம் பிரிவின் கீழ் அங்கே இடைக்காலத் தடை கேட்க முடியும். அமேசான் நிறுவனத்துக்கும் இந்தியாவின் ஃபியூச்சர் குழுமத்துக்கும் நடந்த வழக்கில் அவசரகால நடுவரின் உத்தரவை 2021இல் இந்திய உச்ச நீதிமன்றம் ஏற்றதைக் காட்டி யாராவது நம்பிக்கை தரலாம், ஆனால் அந்த வழக்கில் நடுவர் விசாரணையின் சட்டப்படியான இடம் (எந்த நாட்டு நடுவர் சட்டம் என்பதைத் தீர்மானிக்கும் இடம்) புதுடில்லி. உங்களுடையது சிங்கப்பூர், அந்த வழி அப்படியே பொருந்தாது.

தீர்ப்பு வந்தபின் அதை ரத்து செய்யச் சொல்லி இங்கே சிங்கப்பூரில் மனுப்போட அவருக்கு 3 மாதம்தான். இந்தியாவில் நிறைவேற்றக் கேட்க உங்களுக்கு 3 வருடம் உண்டு, அவ்வளவு நாள் எடுத்துக்கொள்ளாதீர்கள், சொத்து கைமாறிவிடும்.