பிள்ளை தலையில் படை: தோல் மருத்துவரிடம் வடசென்னை கேட்டவை

கொருக்குப்பேட்டை அம்மா: டாக்டர், பையனுக்கு ஆறு வயசு. சம்மர் கட்டிங் போட்டு மூணு வாரத்துல, பின்னந்தலையில ஒரு ரூபாய் காசு அளவுக்கு முடி ஒடிஞ்சு செதில் உதிருது. மெடிக்கல்ல கிரீம் குடுத்தாங்க. அரிப்பு நின்னுச்சு, வட்டம் பெருசாயிடுச்சு.

பதில்: அந்தக் கிரீமை இன்றே நிறுத்துங்கள் அம்மா. டியூபில் குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு. அரிப்பை அமுக்கும், பூஞ்சைக்குக் கொண்டாட்டம். நீங்கள் சொல்வது பெரும்பாலும் படைதான், அதாவது பூஞ்சைத் தொற்று. அது முடிக்குள்ளேயே இறங்கிவிடுவதால் மேலே தடவுவது எட்டாது. உள்ளுக்கு மருந்து வேண்டும். கிரிசியோஃபல்வின் என்றால் 6 முதல் 8 வாரம், டெர்பினாஃபைன் என்றால் 4 வாரம் போல ஆகும். அளவு எடையைப் பொறுத்தது. பக்கத்து வீட்டுச் சீட்டைக் காட்டி வாங்காதீர்கள். கிரிசியோஃபல்வினை பால், முட்டை சாப்பிட்டதும் கொடுங்கள், அப்போதுதான் உடம்பில் ஏறும். ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரி தோல் பிரிவில் காட்டுங்கள்.

வியாசர்பாடி: செதிலே இல்ல, வழவழன்னு சொட்டை. சின்ன வெங்காயம் தேய்க்கலாமா?

பதில்: புழுவெட்டாக இருக்கலாம். அது ஒட்டாது. வெங்காயம் தோலைப் புண்ணாக்கும், முதலில் காட்டுங்கள்.

காசிமேடு, சலூன் வைத்திருப்பவர்: எல்லாரும் எங்களத்தான் சொல்றாங்க சார். பிளேடு ஆளுக்கு ஒண்ணு மாத்துறேன், சீப்பை டெட்டால்ல போடுறேன். இன்னும் என்ன?

பதில்: எல்லாப் பழியும் உங்கள் மேல் இல்லை அண்ணே. பூனைக்குட்டியிடமிருந்தும் வரும், ஒரே தலையணையில் படுக்கும் அண்ணன் தங்கையிடமிருந்தும் வரும். பிளேடு மாற்றுவது ஹெபடைடிஸ் பி, சி, எச்ஐவிக்காக, விடாதீர்கள். படைக்கு முடி வெட்டும் மிஷினைப் பாருங்கள். மேலே மாட்டும் பிளாஸ்டிக் கார்டைக் கழற்றி டியூப்லைட்டில் பிடித்தால், இடுக்கில் எண்ணெய்ப் பிசுக்கோடு பொடிமுடி அப்பியிருக்கும். பூஞ்சை இருப்பது அந்தத் துண்டு முடியில்தான். ஒவ்வொரு தலைக்கும் பிறகு மிஷின் பல்லை பிரஷ்ஷால் தட்டி, பூஞ்சையைக் கொல்லும் என்று லேபிளில் போட்ட ஸ்பிரே அடியுங்கள். கார்டையும் சீப்பையும் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே கிருமிநாசினியில் முக்குங்கள். காலையில் கலந்த டெட்டாலில் சாயங்காலம் முடி மிதந்தால் அது வெறும் வாசனைத் தண்ணீர். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் எங்கே நேரம் என்பீர்கள். இரண்டு செட் கார்டு வாங்குங்கள், ஒன்று ஊறும்போது மற்றது ஓடட்டும்.

தண்டையார்பேட்டை: பொண்ணு தலையில கொழகொழன்னு வீங்கி சீழ் வடியுது. கீறணுமா?

பதில்: வேண்டாம். இதுவும் பூஞ்சையாக இருக்கலாம்; கட்டி என்று நினைத்துக் கீறிவிடுகிறார்கள். தாமதித்தால் அங்கே முடி முளைக்காமலே போகும். நாளைக்கே காட்டுங்கள்.

புதுவண்ணாரப்பேட்டை: ஸ்கூலுக்கு அனுப்பலாமா? மொட்டை அடிக்கணுமா?

பதில்: மருந்து தொடங்கியாச்சு என்றால் அனுப்பலாம். மொட்டை தேவையில்லை. டாக்டரைக் கேட்டு வீட்டில் எல்லாரும் பூஞ்சைக்கான கீட்டோகோனசோல் ஷாம்பு போடுங்கள். சீப்பும் துண்டும் பிள்ளைக்குத் தனி.