பழைய சி.பி. ரேடியோவை வண்டியில் மாட்டலாமா?

கேள்வி: பெரியப்பா தன் லாரியில் வைத்திருந்த சி.பி. ரேடியோ (வண்டிக்கு வண்டி பேசிக்கொள்ளும் ‘சிட்டிசன்ஸ் பேண்ட்’ பெட்டி) ஒன்று பரணில் கிடைத்தது. 23 சேனல் பெட்டி, மைக் இருக்கிறது, ஆண்டெனா இல்லை. எல்லோர் கையிலும் செல்போன் இருக்கும்போது இதை ஜீப்பில் மாட்டிப் பிரயோஜனம் உண்டா, இல்லை பழைய சாமானுக்குப் போட்டுவிடலாமா?

பதில்: போட்டுவிடாதீர்கள். ஆனால் டேஷ்போர்டில் துளை போடுவதற்கு முன்னால், இதில் யாரோடு பேசப் போகிறீர்கள் என்று யோசியுங்கள். பெட்டி எவ்வளவு நன்றாக இருந்தாலும் மறுமுனையில் ஆள் வேண்டும். நான்கைந்து வண்டிகள் சேர்ந்து மலைப்பாதை, காட்டுப்பாதை என்று போகிறவர்களாக இருந்து எல்லா வண்டியிலும் ஒரு பெட்டி இருந்தால் இதைவிட வசதி கிடையாது. டவர் வேண்டாம், மாதக் கட்டணம் வேண்டாம், ஒவ்வொருவராக அழைக்க வேண்டாம். முன்னால் போகிறவர் மைக்கை அழுத்தி “பெரிய பள்ளம், இடது பக்கமா ஒதுங்கி வாங்க” என்றால் அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் கேட்கும். தனியாக ஓட்டுகிறவர் என்றால், உங்கள் சாலையில் இன்னும் யாராவது இதில் பேசுகிறார்களா என்று முதலில் பார்க்க வேண்டும்.

அதைப் பார்க்கச் செலவே இல்லை. பெட்டியை 12 வோல்ட் பேட்டரியில் இணையுங்கள். நடுவில் ஃபியூஸ் கட்டாயம், சிவப்பும் கறுப்பும் மாறிவிடக் கூடாது. பின்பக்கம் ஆண்டெனா சொருகும் இடத்தின் நடு ஓட்டையில் இரண்டு மூன்று மீட்டர் வயரைச் சொருகி வெளியே நீட்டிவிட்டு, ஸ்குவெல்ச் திருகை (யாரும் பேசாதபோது இரைச்சலை அடக்குவது) இரைச்சல் கேட்கும் வரை தளர்த்தி, சில நாட்கள் ஒவ்வொரு சேனலாகக் கேளுங்கள். மைக் பொத்தானை மட்டும் அழுத்த வேண்டாம். சரியான ஆண்டெனா இல்லாமல் அழுத்தினால் வெளியே போக வேண்டிய சக்தி உள்ளேயே திரும்பி, கடைசி டிரான்சிஸ்டர் சூடேறிப் போய்விடும். நல்ல பழைய பெட்டிகள் பல இப்படித்தான் வீணாயின.

23 சேனல் என்றதுமே அதன் வயது தெரிந்துவிடுகிறது. அமெரிக்காவில் 1977-இல்தான் 40 சேனல் ஆனது, அநேகமாக உங்கள் பெட்டி அதற்கு முந்தையது. அதனால் குறை ஒன்றுமில்லை, முதல் 23 சேனல்களின் அலைவரிசை மாறவில்லை, லாரிக்காரர்கள் அங்கே பேசும் 19-உம் அவசரத்துக்கான 9-உம் அதற்குள்ளேயே இருக்கின்றன. பெட்டியில் ‘ம்ம்ம்’ என்று ஒரே முழக்கம் வந்தால் உள்ளே கபாசிட்டர்கள் காய்ந்துபோயிருக்கலாம், ரேடியோ மெக்கானிக் மாற்றித் தருவார். வால்யூம் திருகில் கரகரப்பு, சேனல் மாற்றும்போது சத்தம் விட்டுவிட்டு வருவது, இதெல்லாம் பெரும்பாலும் அழுக்குதான்.

சரி, கேட்டுப் பார்த்தீர்கள், ஆட்கள் இருக்கிறார்கள் என்றால் அப்புறம் பணத்தை முழுக்க ஆண்டெனாவில் போடுங்கள். 27 மெகாஹெர்ட்ஸில் அலையின் நீளம் சுமார் 11 மீட்டர், கால் அலை ஆண்டெனாவே 2.75 மீட்டர் வரும். அதனால் அடியில் சுருள் வைத்த குட்டை ஆண்டெனாதான் வண்டிக்கு நடைமுறை, ஆனால் குட்டையாகக் குட்டையாகத் தூரம் குறையும். வைக்க நல்ல இடம் கூரையின் நடு. பம்பரில் வைத்தால் வண்டியின் உடம்பே ஒரு பக்கத்தை மறைத்துவிடும். திருகிப் பொருத்துகிறீர்கள் என்றால் அடித்தட்டு தொடும் இடத்தில் பெயின்டைச் சுரண்டி, பளபளவென்று இரும்பு தெரிய வேண்டும். வேலையெல்லாம் சுத்தமாகச் செய்து இந்தச் சுரண்டலை மட்டும் விட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர், பிறகு பெட்டி சரியில்லை என்பார்கள்.

கடைசியில் எஸ்.டபிள்யூ.ஆர் மீட்டர், அதாவது ஆண்டெனாவுக்குப் போகும் சக்தியில் எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் கருவி. இரவல் வாங்கியாவது அளந்துவிடுங்கள். வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்தி, கதவுகளைச் சாத்திவிட்டு, முதல் சேனலிலும் 23-லும் பாருங்கள். முதல் சேனலில் அதிகம் காட்டினால் கம்பி குட்டை, 23-இல் அதிகம் என்றால் நீளம். கம்பியைப் பிடித்திருக்கும் சின்னத் திருகைத் தளர்த்தி, சில மில்லிமீட்டர் ஏற்றி இறக்கி மறுபடி அளக்க வேண்டும். 1.5-க்குக் கீழே வந்தால் நிம்மதியாகப் பேசலாம், 3-ஐத் தாண்டினால் பேசவே கூடாது.

சட்டம் நாட்டுக்கு நாடு வேறு. அமெரிக்காவில் 1983-லேயே தனி உரிமம் தேவையில்லை என்று ஆக்கிவிட்டார்கள். குரலை அலையில் ஏற்ற ஏ.எம்., எஃப்.எம். என்று வெவ்வேறு முறைகள் உண்டு. பிரிட்டனில் 1981-இல் எஃப்.எம். முறைக்கு மட்டும் அனுமதி தந்து, ஏ.எம்.-ஐ 2014-இல்தான் விட்டார்கள். உங்கள் பழைய பெட்டி அநேகமாக ஏ.எம்., சுற்றியிருப்பவர்கள் எஃப்.எம்.-இல் பேசினால் ஒத்துப்போகாது. மாட்டுவதற்கு முன் இரண்டையும் விசாரித்துவிடுங்கள்.

கேள்வி: என் சி.பி. மூன்று கிலோமீட்டர் தாண்டுவதில்லை. பவர் பூஸ்டர் போடச் சொல்கிறார்கள். போடலாமா?

பதில்: வேண்டாம். அமெரிக்காவில் ஏ.எம்.-க்கு உச்சவரம்பு 4 வாட்ஸ், பூஸ்டர் அங்கே சட்ட விரோதம், மற்ற இடங்களிலும் சி.பி.-க்கு இப்படி ஒரு வரம்பு உண்டு. அதைத் தள்ளி வைத்தாலும் லாபம் குறைவு: வாட்ஸை நான்கு மடங்காக்கினால் எதிராளியின் பெட்டியில் சிக்னல் பலம் காட்டும் மீட்டரில் ஒரே ஒரு புள்ளிதான் (எஸ் புள்ளி என்பார்கள்) ஏறும். உங்களுக்குக் கேட்பது அதனால் துளியும் கூடாது. முதலில் வண்டியில் செருகியிருக்கும் போன் சார்ஜரைப் பிடுங்கிவிட்டுக் கேளுங்கள். அது கிளப்பும் இரைச்சலில் மெல்லிய குரல்கள் மூழ்கிப்போவது சகஜம். அப்புறம் எல்.இ.டி. விளக்குகளை அணைத்துப் பாருங்கள். இதற்கும் மசியவில்லை என்றால் ஆண்டெனாவைக் கவனியுங்கள்.

சில நாள் பகலில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தொலைவிலிருந்து குரல்கள் வந்து பக்கத்து வண்டியை அமுக்கிவிடும். அது கோளாறு அல்ல. சூரியனின் 11 ஆண்டுச் சுழற்சி உச்சத்தில் இருக்கும்போது வானத்து அயனி மண்டலம் இந்த அலைகளைத் திருப்பி அனுப்புகிறது. 2024 அக்டோபரில் சூரியன் உச்சக் கட்டத்துக்கு வந்துவிட்டதாக நாசா அறிவித்தது. கேட்டு ரசிக்கலாம், வண்டிகளுக்குள் பேச அன்றைக்கு வேறு சேனல் தேடிக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஆபத்துக்கு 9-ஆம் சேனலை நம்பலாமா?

பதில்: அதை மட்டும் நம்பாதீர்கள். ஒரு காலத்தில் தன்னார்வலர்கள் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள், இப்போது அப்படிக் கேட்பவர்கள் குறைவு. போனில் சிக்னல் இருந்தால் போன்தான் முதலில். சிக்னல் இல்லாத இடத்தில் 9-இல் கூப்பிட்டுவிட்டு 19-இலும் கூப்பிடுங்கள், இடத்தை முதலில் சொல்லுங்கள், பிரச்சினையை அப்புறம் சொல்லலாம்.