காலையில் கடல், மாலையில் வாவி: சித்திரை வார இறுதிக்கு மட்டக்களப்பு

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "சித்திரைப் புத்தாண்டு முடிந்து வரும் வார இறுதியில் குடும்பமாக மட்டக்களப்புக்கு வர எண்ணியிருக்கிறோம். சனிக்கிழமை காலை ரயிலில் வந்து இறங்கி, ஞாயிறு இரவு திரும்ப வேண்டும். பிள்ளைகளுக்குக் கடல் வேண்டும். முழங்கால் நோவுள்ள மாமிக்குக் கோயில் வேண்டும். கணவர் அறுகம்குடாவையும் பார்த்துவிடலாம் என்கிறார். எனக்குப் பாடும் மீனைக் கேட்க ஆசை. இரண்டு நாளில் இவ்வளவும் ஆகுமா?"

அறுகம்குடாவை விட்டுவிட்டால் ஆகும். அது மட்டக்களப்பு நகரிலிருந்து தெற்கே நூறு கிலோமீற்றருக்கு மேல். போய்வரவே உங்களுடைய ஒரு பகல் வாகனத்துக்குள் கரைந்துவிடும். அங்கே அலைச்சறுக்குக்காரர்களின் பருவம் சித்திரையில்தான் மெல்லத் தொடங்குகிறது. அதற்கப்பால் உள்ள குமண சரணாலயத்தில் பறவைகள் கூடு கட்டும் கலகலப்பைக் காண வேண்டுமானாலும் இன்னும் சில வாரம் பொறுப்பதே நல்லது. ஆனி மாதத்தில் இரண்டு இரவு தங்கும்படியாகத் தனியே போங்கள். கணவருக்கு என் வேண்டுகோளாகவே இதைச் சொல்லுங்கள்.

எங்கள் பகுதிக்கு வருகிறவர்கள் இடங்களின் பட்டியலோடு வந்து, நேரத்தைக் கோட்டைவிடுவதைப் பல முறை பார்த்திருக்கிறேன். வாவி என்னும் உவர்நீர்க் காயலுக்குக் கிழக்கே, கடலை ஒட்டிய நிலத்தை நாங்கள் எழுவான்கரை என்போம். மேற்கே வயலும் குளமுமான நிலம் படுவான்கரை. சூரியன் எழுகிற கரை, படுகிற கரை. ஊர் தன் நிலத்துக்கு வெயிலைப் பார்த்தே பெயர் வைத்திருக்கிறது. வருகிறவர்களும் அப்படியே நடந்துகொண்டால் களைப்பில்லை. சித்திரையில் காலை ஆறு மணிக்குள் விடிந்துவிடும். பத்து மணிக்கு மணலில் கால் வைக்க முடியாது. பிற்பகலில் சில நாள் இடியோடு மழை கொட்டி, மாலைக்குள் வெளுத்துவிடும். ஆகவே கடலைக் காலையிலும் வாவியை மாலையிலும் வைத்துக்கொள்ளுங்கள். நண்பகல் சாப்பாட்டுக்கும் உறக்கத்துக்கும்.

சனிக்கிழமை இறங்கியதும் எங்கும் ஓடாதீர்கள். தங்குமிடத்தைக் கல்லடிப் பக்கம் பார்த்துக்கொண்டால் கடற்கரையும் வாவியும் இருபுறமும் கிட்ட இருக்கும். நன்றாகத் தூங்கி எழுந்து, நாலு மணியளவில் ஓட்டோவில் மாமாங்கேஸ்வரர் கோயிலுக்குப் போங்கள். ஆடி அமாவாசையன்று கால் வைக்க இடமிராத தீர்த்தக்குளம், இந்த நாட்களில் அமைதியாகக் கிடக்கும். படியில் இறங்கத் தேவையில்லை. மாமி கரையிலேயே நிழலாக அமர்ந்திருக்கலாம். வரும் வழியில் புளியந்தீவுக் கோட்டையை ஒரு சுற்றுப் பாருங்கள். போர்த்துக்கேயர் 1628இல் கட்டியது, பத்தாண்டில் ஒல்லாந்தர் கைக்குப் போனது. அரைமணி நேரம் போதும்.

பொழுது சாயும்போது கல்லடிக்குத் திரும்பி, உப்போடையில் சுவாமி விபுலாநந்தர் சமாதிக்குப் போங்கள். காரைதீவில் 1892இல் பிறந்து, பழந்தமிழர் யாழை ஆராய்வதில் பல ஆண்டுகளைச் செலவிட்டவர் அவர். அவர் துயிலும் இடத்துக்குப் பக்கத்திலேயே பாடும் மீனின் வாவி கிடப்பது எனக்கு எப்போதும் நெஞ்சைத் தொடுகிற செய்தி. அந்த வரிசையிலேயே பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்: முதலில் யாழைத் தேடியவர், பிறகு இருளில் ஒலிக்கிற தண்ணீர்.

இனி உங்கள் ஆசைக்கு வருகிறேன். நிலவிரவில் வாவித் தண்ணீரடியில் எழும் இசைபோன்ற ஒலியைத்தான் பாடும் மீன் என்கிறோம். பாடும் மீனைக் கேட்க மூன்று வேண்டும்: நிலவு, அமைதி, பொறுமை. வளர்பிறையின் கடைசி நாட்களோ பௌர்ணமியோ வாய்க்கிற வார இறுதியாக நாட்காட்டியைப் பார்த்துத் தெரிந்தெடுங்கள். இடம் கல்லடிப் பாலத்தடி. பழைய இரும்புப் பாலம் 1924இல் திறக்கப்பட்டது. பக்கத்தில் புதிய பாலம் 2013இல் வந்தது. வாகன இரைச்சல் அடங்க ஒன்பது, பத்து மணியாகும். இயந்திரப் படகில் போனால் எதுவும் கேட்காது. துடுப்பு வலிக்கிற தோணிக்காரர் ஒருவரைப் பகலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். எல்லோருக்கும் உயிர்காப்பு அங்கி இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இல்லையென்றால் ஏற வேண்டாம்.

நடுவாவியில் தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் அமிழ்த்தி, மறுமுனையைக் காதோடு ஒட்டி வையுங்கள். என் அப்பப்பா எனக்கு அப்படித்தான் காட்டித் தந்தார். முதலில் தண்ணீர் தட்டுவதுதான் கேட்கும். சற்றுப் பொறுத்தால் அதனடியில் மெல்லியதாக, ஒன்றுக்கொன்று சுருதி வேறுபட்ட ஒலிகள் எழும்பும். 1848இல் இதைக் கேட்ட ஆங்கில அதிகாரி எமர்சன் டெனன்ட், கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பை ஈரவிரலால் தேய்த்தால் வரும் ஒலிக்கு ஒப்பிட்டார். பாடுவது மீனா, எங்கள் மீனவர் சொல்லும் ஊரி என்னும் சிப்பியினமா என்ற பேச்சு அன்றே இருந்தது, இன்றும் தீரவில்லை. எல்லா இரவிலும் கேட்காது என்பதைப் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கேட்காத இரவிலும் நிலவொளியில் அந்தத் தண்ணீர்மேல் இருந்த ஒரு மணி நேரம் வீணாகாது.

ஞாயிறு பாசிக்குடா. நகரிலிருந்து வடக்கே ஒன்றரை மணிக்குள் போகலாம். ஐந்து பேருக்கு பஸ்ஸைவிட ஒரு வேன் பேசிக்கொள்வது வசதி. காத்திருப்பு உட்பட வாடகையை ஏறும் முன்னரே முடிவு செய்யுங்கள். விடியமுன் புறப்பட்டு ஏழு மணிக்குத் தண்ணீரில் இருந்தால், வெயில் ஏறுமுன் பிள்ளைகள் ஆசை தீர நீந்திவிடுவார்கள். பாசிக்குடாவில் கடலுக்குள் வெகுதூரம் நடந்து போனாலும் ஆழமில்லை. அடுத்திருக்கும் கல்குடா அப்படியன்று. அங்கே ஆழமும் நீரோட்டமும் உண்டு. அழகைப் பார்த்துவிட்டு வாருங்கள், பிள்ளைகளை இறக்க வேண்டாம்.

புத்தாண்டை ஒட்டிய வாரங்களில் ஊர் ஊராக விளையாட்டுப் போட்டிகள் நடக்கும்: வழுக்கு மரம், முட்டி உடைத்தல், கயிறு இழுத்தல், தலையணைச் சண்டை. வழியில் ஒலிபெருக்கி கேட்டால் வேனை நிறுத்துங்கள், அழைப்பு வேண்டியதில்லை. அதைவிட அரிய வாய்ப்பு கூத்து. பெரும்போக அறுவடை முடிந்து வயல்கள் ஓய்ந்த இக்காலத்தில் படுவான்கரைக் கிராமங்களில் வடமோடி, தென்மோடி என்னும் இருவகைக் கூத்துகள் பழகி அரங்கேறும். அவரவர் பாட்டைப் பகிர்ந்து கொடுக்கும் சட்டங்கொடுத்தலில் தொடங்கிப் பல மாதம் பழகி, சதங்கை அணிந்து, ஒத்திகையாக அடுக்குப் பார்த்து, கடைசியில்தான் அரங்கேற்றம். இரவு தொடங்கினால் விடியும்வரை களரி என்னும் ஆடுகளத்தில் ஆட்டம் நிற்காது. கூத்தைப் பழக்கும் அண்ணாவியாரின் மத்தளமும் சல்லாரித் தாளமும் கேட்கும் தூரத்தில் உங்களுக்கு ஓர் அரங்கேற்றம் கிடைத்தால், தோணிப் பயணத்தைக்கூட விட்டுவிட்டு அங்கே போங்கள் என்பேன். தங்குமிடத்தாரிடமும் வேன்காரரிடமும் கேட்டால் எந்த ஊரில் என்று தெரிந்துவிடும். மாமிக்கு ஒரு சாய்கதிரை கொண்டுபோங்கள்.

திங்கட்கிழமை விடுமுறை எடுக்க முடிந்தால் மண்டூர் முருகனிடம் போங்கள். குருமண்வெளியில் 'பாதை' என்று நாங்கள் சொல்லும் மிதவையில் ஏறி வாவியைக் கடப்பதே ஒரு பயணம். சின்னக் கதிர்காமம் என்று பெயர் பெற்ற அக்கோயிலில், வாய் கட்டிய பூசகர் திரைக்குப் பின்னே பூசை செய்வார். மாமியின் மனம் நிறையும்.

திரும்பும் ரயிலுக்கு முன்பதிவு திறந்த அன்றே இடம் எடுத்துவிடுங்கள். புத்தாண்டு முடிந்து கொழும்புக்குத் திரும்புகிறவர்கள் கூட்டம் பெரிது. புத்தாண்டை ஒட்டிய நாட்களில் பல கடைகள் பூட்டியிருக்கும், மதியச் சாப்பாட்டைத் தங்குமிடத்திலேயே சொல்லி வையுங்கள். நண்டோ இறாலோ கறியாக்கித் தருவார்களா என்று கேட்கத் தவறாதீர்கள். எருமைத் தயிரை ரயிலேறும் கடைசி நேரத்தில் வாங்கி, சட்டியின் வாயைத் துணியால் இறுக்கிக் கட்டி, மாமியின் கதிரைக்கடியில் நிமிர்த்தி வையுங்கள்.