சுத்தமில்லாத மொழி

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் ஆந்திர எல்லையில் இருக்கிற குப்பம் ஊர்க்காரன். பெங்களூரில் வேலை. போன மாதம் ஆபீஸ் விஷயமாகப் புவனேஸ்வருக்கு ரயிலில் போனேன். எதிரே ஒரு பெரியவர், ஒடியாக்காரர். ஏறியதிலிருந்து என்னிடம் ஏதோ கேட்டுக்கொண்டே வந்தார். என் இந்தி அரைகுறை. தெலுங்கும் எல்லைத் தெலுங்கு, சுத்தமில்லை. தமிழோ, சென்னைக்காரர்கள் கேட்டால் சிரிக்கிற தமிழ். வாயைத் திறக்கக் கூச்சப்பட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். மறுநாள் காலை விஜயநகரம் தாண்டியபோது அவர் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டிருந்தார். நான் எதுவும் கேட்கவில்லை. அது இன்னும் உறுத்துகிறது.

நீங்கள் ரயிலில் சந்தித்தவர்களைப் பற்றி நிறைய எழுதுகிறீர்கள். முன்பின் தெரியாதவர் சொன்னதை அவர் அனுமதி இல்லாமல் எழுதலாமா? இதுதான் என் முக்கியமான கேள்வி. அப்புறம், போன் வந்தபிறகு ரயில் பேச்சு செத்துப்போய்விட்டதா? தெரியாதவர்களிடம் பேசுவது ஆபத்தில்லையா? பேச்சை ஆரம்பித்ததும் சாதி கேட்கிறவர்களை என்ன செய்வது?

வ., குப்பம்


அன்புள்ள தம்பி,

உன் கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ‘சுத்தமில்லை’ என்று எழுதியிருக்கிறாய் பார், அந்த இடத்தைத் தாண்ட முடியவில்லை. கொஞ்ச நாளாக அந்தச் சொல்தான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. என் பேத்தியின் பள்ளிக்கூடத்தில், வீட்டில் பேசுகிற கலப்புப் பேச்சை வகுப்பில் பேசாதே என்று சொல்லியிருக்கிறார்கள். அன்றிலிருந்து குழந்தை என்னிடம்கூடப் பேசுவதற்கு முன்னால் ஒரு நொடி யோசிக்கிறது. ஆறு வயசு. அந்த ஒரு நொடியைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. இப்போது நீயும் அதையே எழுதுகிறாய்.

சின்னக் கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். போனைப் பழிக்காதே. போன் வருவதற்கு முன்னாலும் வாரப் பத்திரிகையை முகத்துக்கு நேரே விரித்துக்கொண்டு சென்னையிலிருந்து குண்டக்கல் வரைக்கும் வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். பேச வேண்டாம் என்று நினைக்கிறவனுக்கு ஏதாவது ஒன்று கையில் கிடைக்கும். ஆபத்து பற்றிக் கேட்டாய். தெரியாதவர் கொடுப்பதைச் சாப்பிடாதே என்று ரயில்வே சொல்கிறது, அது சரியான எச்சரிக்கைதான். நான் சாப்பிட்டிருக்கிறேன், உன்னைச் சாப்பிடச் சொல்ல மாட்டேன். சாதி கேட்பவரிடம் ஊரைச் சொல்லு. மறுபடி கேட்டால் மறுபடியும் ஊரையே சொல்லு. மூன்றாவது தடவை கேட்கப் பெரும்பாலும் ஆளுக்குத் தெம்பு இருக்காது.

சரி, சுத்தத்துக்கு வருகிறேன்.

நான் பிறந்தது நகரி. தறிக்காரர் வீடு. 1953-இல் ஆந்திரம் தனியாகப் பிரிந்தது. ம.பொ.சி.யும் மற்றவர்களும் போராடியதில் 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. நகரியும் புத்தூரும் ஆந்திரத்திலேயே நின்றன. எங்கள் வீட்டில் பாவு ஓட்டும்போது தமிழ், கூலிக் கணக்குப் பார்க்கும்போது தெலுங்கு. எல்லை போட்ட பிறகும் அப்படித்தான், இன்றைக்கும் அப்படித்தான். அரக்கோணத்திலிருந்து திருப்பதி போகிற பாசஞ்சரில் ஏறினால் பொன்பாடியோடு தமிழ்நாடு முடிந்துவிடும். அடுத்தது வெங்கடநரசிம்மராஜுவாரிபேட்டை. ஆங்கிலத்தில் 28 எழுத்து. அந்தப் போர்டை வண்டி நகர்வதற்குள் படித்து முடிக்க வேண்டும் என்பது சின்ன வயதில் எனக்கும் அண்ணனுக்கும் போட்டி. ஆனால் அந்த இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவே பெட்டிக்குள் யாரும் மொழி மாற்றிப் பேசி நான் கேட்டதில்லை. முன்னால் பேசியதையேதான் பேசிக்கொண்டு வருவார்கள்.

அப்பா துண்டு மூட்டையோடு சென்னைக்குப் போகும்போது சில தடவை என்னையும் கூட்டிப்போவார். புத்தூரில் ஏறியவர்கள் நாங்கள் ஏறும்போதே உட்கார்ந்திருப்பார்கள். அவர்களில் ஒருவராவது கட்டோடு இருப்பார். புத்தூர்க் கட்டு உனக்குத் தெரிந்திருக்கும். முட்டை வெள்ளையும் பச்சிலைச் சாறும் தடவி, மூங்கில் பத்தை வைத்துச் சுற்றின துணிக்கட்டு. புதுசாகப் போட்டது என்றால் இலைச்சாறு துணிக்கு மேலே பச்சையாக ஊறி நிற்கும். மூச்சை இழுத்தால் முட்டை வாடை. அப்பா மூட்டையைச் சீட்டுக்குக் கீழே தள்ளிவிட்டு அவர் முன்னால் உட்காருவார். “எட்ல படினாரு சாமி? கையா, காலா?” முன்பாதி தெலுங்கு, பின்பாதி தமிழ். எதிரே இருப்பவர் தஞ்சாவூர்க்காரராக இருந்தாலும் கடப்பைக்காரராக இருந்தாலும் அதே வாக்கியம்தான். தனக்குப் புரிந்த பாதியைப் பிடித்துக்கொண்டு அவர் ஆரம்பித்துவிடுவார். தென்னைமரம், மாடு, கிணற்றுப்படி, சைக்கிள். விழுந்த கதை இல்லாத மனிதரே கிடையாது. அரக்கோணம் வருவதற்குள் பெட்டியில் பாதிப் பேர் தாங்கள் விழுந்ததைச் சொல்லி முடித்திருப்பார்கள். அப்பா மூன்றாம் வகுப்பைத் தாண்டவில்லை. எந்த மொழியிலும் அவருக்குச் சுத்தமாக எழுதத் தெரியாது. அவர் எதிரில் உட்கார்ந்து ஊமையாக வந்த ஒரு ஆளை நான் பார்த்ததில்லை.

நீ படித்த பையன். மூன்று மொழி உனக்குப் பாதிப்பாதி தெரியும். அதை வைத்துக்கொண்டு, பேச மொழியில்லை என்று எனக்கு எழுதுகிறாய்.

நன்றாகத் தெரிந்த மொழியில் நமக்கு எல்லாமே வரும். ஜம்பம் அடிக்க வரும், சமாளிக்க வரும், சுற்றி வளைத்துச் சாதி கேட்க வரும், நாசூக்காகப் பேச்சை வெட்டவும் வரும். அரைகுறையாகத் தெரிந்த மொழியில் அது எதுவும் முடியாது. ஊர், பிள்ளை, பசி, வலி, தண்ணீர், எப்போது வரும், எங்கே போகிறாய். கையில் இருப்பது பத்து இருபது வார்த்தை. அதில் சொல்லக்கூடியதை மட்டும்தான் சொல்ல முடியும். எதிராளியும் உன் முகத்தைப் பார்த்தால்தான் உன் வார்த்தை அவருக்குப் புரியும். அதனால் பார்ப்பார். தப்பாகச் சொன்னால் திருப்பிக் கேட்பார், நீ திருப்பிச் சொல்லுவாய். அப்படித் திருப்பிக் கேட்டு, திருப்பிச் சொல்லித்தான் தம்பி முன்பின் தெரியாத இரண்டு பேர் பழக்கமாகிறார்கள். இலக்கணம் படித்து முடித்துவிட்டுப் பேசலாம் என்றால் அதற்குள் புவனேஸ்வர் வந்துவிடும்.

2011-இல் நடந்ததைச் சொல்கிறேன். வேலூரில் இருக்கிற தங்கை வீட்டுக்கு விஜயவாடாவிலிருந்து போய்க்கொண்டிருந்தேன். ஹவுராவிலிருந்து வருகிற வண்டி. எதிர் பெர்த்தில் ஒரு வங்காளிக் குடும்பம். புருஷன், மனைவி, எட்டு வயதுப் பெண் குழந்தை. கரக்பூரில் ஏறியவர்கள். 1,500 கிலோமீட்டருக்கு மேல் அவர்களுக்குப் பயணம், அது இரண்டாவது ராத்திரி. வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் என்று கேட்காமலே தெரிந்தது. 1900-இல் ஐடா ஸ்கட்டர் என்ற அமெரிக்க டாக்டரம்மா ஒரே ஒரு கட்டிலோடு தொடங்கிய ஆஸ்பத்திரி அது. இன்றைக்கு அதைச் சுற்றியுள்ள தெருக்களில் வங்காள எழுத்தில் போர்டு வைத்த லாட்ஜுகளும் மீன்குழம்புச் சாப்பாட்டுக் கடைகளும் இருக்கின்றன. அந்த அம்மா எக்ஸ்ரே கவரை மடியில் வைத்திருந்தாள். சீட்டுக்கு அடியில் வைக்கவில்லை, மாட்டித் தொங்கவிடவில்லை. சாப்பிடும்போதும் மடியிலேயே இருந்தது. ஓரமெல்லாம் நைந்து, மடிப்பில் செல்லோடேப் ஒட்டியிருந்தது.

பொரியில் வெங்காயமும் பச்சைமிளகாயும் கடுகெண்ணெயும் கலந்து என் பக்கம் நீட்டினாள். “முடி” என்றாள். எனக்கு ஒரு கணம் திக்கென்றது. அப்புறம்தான் புரிந்தது, பொரிக்கு அவர்கள் ஊரில் அதுதான் பேர். வாங்கிச் சாப்பிட்டேன்.

குழந்தையின் முழங்கால் வீங்கியிருந்தது. நான் அதைக் காட்டி “நொப்பி?” என்றேன். விழித்தாள். “தர்த்?” என்றேன். தலையை ஆட்டி “பேதா, பேதா” என்றாள். “எங்க ஊர்ல வலி” என்றேன். அவள் “வலி” என்று சொல்லிப் பார்த்தாள். குழந்தையும் சொன்னது. ஒரு முழங்காலுக்கு நான்கு வார்த்தை சேர்ந்துவிட்டது.

கூடூர் தாண்டி விளக்கை அணைத்துவிட்டார்கள். புருஷனும் குழந்தையும் தூங்கிவிட்டார்கள். அவள் தூங்கவில்லை. வழியில் விளக்குத்தூண் வரும்போதெல்லாம் கவர் மேலே வெளிச்சம் விழுந்து போய்க்கொண்டிருந்தது. திடீரென்று என் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னாள்: “ஆமார் பொய் கொர்ச்சே.”

என் காதில் பொய் என்றுதான் விழுந்தது. யார் பொய் சொன்னார்கள்? டாக்டரா, புருஷனா, ஏஜெண்டு யாராவது பணத்தைப் பிடுங்கிவிட்டானா? எனக்குத் தெரிந்த இந்தியில் “யார்? யார் சொன்னது?” என்று கேட்டேன். அவள் இல்லை என்று தலையாட்டி மறுபடி அதையே சொன்னாள். நான் மறுபடி தப்பாகவே கேட்டேன். மூன்றாவது தடவை அவள் பேசவில்லை. என் கையை எடுத்துத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டாள். அது அடித்துக்கொண்ட வேகம் இன்னும் என் உள்ளங்கையில் இருக்கிறது.

அவள் சொன்னது பொய் இல்லை, பயம். நாம் பயம் என்கிறோம், தெலுங்கிலும் பயம், இந்தியில் பய். அதுதான் வங்காளி வாயில் உருண்டு என் காதுக்குப் பொய் ஆகியிருக்கிறது.

“பயம் லேது. டர் நஹி. பயப்படாதேம்மா.” வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். ஒரு மொழிகூட முழுதாக வரவில்லை. அவள் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, எனக்குச் சொல்லிக்கொடுப்பதுபோல ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள்: “பொய் நேய்.” பயம் இல்லை என்று அர்த்தம். நான் திருப்பிச் சொன்னேன். அவள் திருத்தினாள். மறுபடி சொன்னேன். ரேணிகுண்டாவில் வண்டி நின்று கிளம்பும் வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்புறம் கவரைக் கட்டிப்பிடித்தபடியே அவள் கண்ணயர்ந்தாள்.

எனக்கு வங்காளி சுத்தமாகத் தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பேன்? வேலூரில் நல்ல டாக்டர்கள் இருக்கிறார்கள், எல்லாம் சரியாகிவிடும், கவலைப்படாதீர்கள் என்று நாலு வாக்கியம் அழகாகச் சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்திருப்பேன்.

இப்போது உன் பெரியவருக்கு வருகிறேன். உன்மேல் எனக்குக் கோபம்தான், மறைக்க மாட்டேன். அவர் கேட்டது இந்தி இலக்கணமா? விஜயநகரத்தில் ஒரு டீ வாங்கி அவர் கையில் கொடுத்துவிட்டு, ஹெட்போனைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு, “ஊர்?” என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். டீயைக்கூட விடு, ஹெட்போனைக் கழற்றி இருந்தாலே போதும். அது உறுத்துகிறது என்று எழுதியிருக்கிறாய். உறுத்தட்டும். உறுத்துகிறது என்பதால்தான் உனக்கு இவ்வளவு நீளமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். இல்லாவிட்டால் இரண்டு வரியில் முடித்திருப்பேன்.

அந்தச் சென்னைக்காரர்கள் சிரித்தால் சிரிக்கட்டும். உன் குப்பத்துத் தமிழில் உன் பாட்டி உனக்குச் சோறு ஊட்டியிருக்கிறாள். அதைப் போய்ச் சுத்தமில்லை என்று எழுத உனக்கு எப்படிக் கை வந்தது? இனி எனக்கு எழுதும்போது உன் வீட்டில் பேசுகிற மாதிரியே எழுது. நடுவில் தெலுங்கு வந்தால் வரட்டும், எனக்குப் புரியும்.

அனுமதி பற்றித்தான் முக்கியமாகக் கேட்டிருந்தாய். பேரையும் ஊரையும் எழுதாதே, ஆளை அடையாளம் காட்டாதே. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அந்த அம்மாவின் பேர் எனக்கே தெரியாது. ராத்திரி முழுக்கப் பக்கத்தில் இருந்தேன், பேர் கேட்கத் தோன்றவில்லை.

காட்பாடியில் இறங்கும்போது இன்னும் விடியவில்லை. பிளாட்பாரம் முழுக்க அவர்களைப் போன்ற குடும்பங்கள், பெட்டி, படுக்கை, பிளாஸ்டிக் வாளி, எக்ஸ்ரே கவர். புருஷன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மேம்பாலத்துப் படியில் ஏறினார். அவள் பாதிப் படியில் நின்று திரும்பி, கூட்டத்துக்கு மேலே என்னைப் பார்த்துச் சத்தமாக “பொய் நேய்!” என்றாள்.

என் பெட்டியைத் தூக்கிய போர்ட்டர், “என்னம்மா, பொய்ங்கறாங்க?” என்றார். பயம் இல்லை என்று அர்த்தம் என்றேன். அவர் பெட்டியைத் தலையிலிருந்து இறக்கிவைத்தார். “இருபது வருஷமா இவங்க சாமானைத் தூக்கறேன். ஜோல்னா தண்ணி, கொத்தோன்னா எவ்வளவு, அதெல்லாம் தெரியும். இதை யாரும் சொல்லலையே” என்றார்.

“இன்னொரு தடவை சொல்லுங்க” என்றார்.