சால்ஸ்பர்க் போய்வர ரயில் பாஸ் எடுக்கலாமா?

கேள்வி: நானும் மனைவியும் மியூனிக்கில் வேலை பார்க்கிறோம். இருவரிடமும் ஜெர்மனி முழுக்க வட்டார ரயில்களில் செல்லும் மாதாந்திர டாய்ச்லாண்ட் டிக்கெட் இருக்கிறது. ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா, அம்மாவை ஒரு நாள் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க்குக்கு ரயிலில் கூட்டிப்போக ஆசை. எல்லை தாண்டுவதால் நால்வருக்கும் பல ஐரோப்பிய நாடுகளில் செல்லும் யூரெயில் பாஸ் எடுக்கச் சொல்கிறார் நண்பர். விரைவு ரயிலில் முன்பதிவு செய்தால் மலிவு என்கிறார் மனைவி. எது சிக்கனம்?

பதில்: இரண்டுமே வேண்டாம். முதலில், ஐரோப்பாவில் குடியிருக்கும் உங்களுக்கு யூரெயில் பாஸ் கிடையாது; ஐரோப்பாவில் வசிப்பவர்களுக்கான இன்டர்ரெயில் பாஸ்தான். ஒரு நாள் பயணத்துக்கு அதுவும் வீண் செலவு.

உங்கள் இருவருக்கும் புதிதாக டிக்கெட்டே தேவையில்லை. டாய்ச்லாண்ட் டிக்கெட் எல்லையோடு நின்றுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் வட்டார ரயிலில் போனால் அது சால்ஸ்பர்க் மத்திய ரயில் நிலையம் வரை செல்லும். மாதம் பிறந்ததும் கட்டிவிட்ட பணம். அதை முழுசாகப் பயன்படுத்துங்கள்.

அப்பா, அம்மாவுக்கு இருவர் பெயரிலும் ஒரே பயர்ன் டிக்கெட் எடுங்கள். மியூனிக் இருக்கும் பவேரியா மாநிலத்தின் ஒரு நாள் வட்டார ரயில் டிக்கெட் அது; சால்ஸ்பர்க் வரை செல்லும். ஐந்து பேர் வரை சேர்ந்து போகலாம். ஆள் கூடக்கூட தலைக்கு ஆகும் செலவு குறையும். விலை அவ்வப்போது ஏறுகிறது என்றாலும், இருவருக்குப் போக வர 40 யூரோ சொச்சம்தான். மியூனிக்கின் மெட்ரோவும் டிராமும் அதிலேயே அடக்கம்.

உங்கள் மனைவி சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. முன்பதிவுச் சலுகைக் கட்டணம் சில நாள்களில் இதைவிடக் குறைவாகக்கூட இருக்கும். ஆனால் அந்த டிக்கெட் குறிப்பிட்ட ரயிலோடு கட்டிப்போடும். சால்ஸ்பர்க் மழைக்குப் பேர்போன ஊர். அன்று கொட்டித் தீர்த்தாலோ, அம்மாவுக்கு முட்டி வலித்தாலோ, அந்தப் பணம் போனதுதான். பயர்ன் டிக்கெட்டுக்கு முன்கூட்டி வாங்கினாலும் அன்று காலையில் வாங்கினாலும் ஒரே விலை. வானத்தைப் பார்த்துவிட்டு வாங்கலாம். என் கணக்கில் இந்தச் சுதந்திரத்துக்கும் ஒரு விலை உண்டு. விரைவு ரயில் ஒன்றரை மணி நேரம், வட்டார ரயில் இரண்டுக்குச் சற்றுக் குறைவு, வித்தியாசம் அவ்வளவுதான். திரும்பும்போது ப்ரீனில் இறங்கிக் கீம்சே ஏரியையும் பார்த்துவிட்டு வரலாம்.

இதில் பணம் கைநழுவும் இடங்களும் உண்டு. வார நாள்களில் பயர்ன் டிக்கெட் காலை 9 மணிக்கு மேல்தான் செல்லும்; சீக்கிரம் கிளம்ப வேண்டுமானால் சனி, ஞாயிறில் போங்கள். அவசரத்தில் ரெயில்ஜெட் என்ற விரைவு ரயிலில் ஏறிவிடாதீர்கள். அதில் இந்த இரண்டு டிக்கெட்டுமே செல்லாது. ஜெர்மனியில் டிக்கெட் இல்லாப் பயணத்துக்கு அபராதம் குறைந்தது 60 யூரோ.

சால்ஸ்பர்க் நகரப் பேருந்துக்குத் தனி டிக்கெட். கோட்டை, மோட்சார்ட் பிறந்த வீடு இரண்டையும் பார்ப்பதாக இருந்தால் மட்டும், காட்சியிடங்களுக்கான கூட்டு நுழைவு அட்டையான சால்ஸ்பர்க் கார்டு கட்டுப்படியாகும். கடைத்தெருவில் நடந்துவிட்டு ஒரு காபியோடு திரும்புவதற்கு அது எதற்கு?

அப்புறம், பெற்றோரின் ஷெங்கன் விசா ஆஸ்திரியாவுக்கும் செல்லும். விசாவுக்காக எடுத்த 30,000 யூரோ மருத்துவக் காப்பீடும் அப்படியே. புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். ஆனால் திரும்பும் வழியில் ஜெர்மன் போலீஸ் ரயிலில் ஏறிச் சோதிப்பது உண்டு. அதனால் அவர்களின் பாஸ்போர்ட், உங்கள் பாஸ்போர்ட், குடியிருப்பு அனுமதி அட்டை எல்லாம் அசலாகவே கையில் இருக்கட்டும்.